சுண்ணாம்பும் சிமெண்டும்: மீமிசல் கரையில் வீடு கட்டிய கதை

பாக் விரிகுடாவின் மேற்குக் கரையோரமாக, கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று தெற்கு நோக்கிச் செல்லும் ஊர்களின் வரிசையில், கல்யாண ராமர் கோயிலும் பள்ளிவாசல்களும் கடைத்தெருவும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஒருங்கே அமைந்த மீமிசல், இன்று புதுக்கோட்டை மாவட்டத்து ஊராக அறியப்பட்டாலும், தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்த ஊர் அன்று. அந்தச் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974ஆம் ஆண்டு புதுக்கோட்டை தனி மாவட்டமாக்கப்பட்டபோது தஞ்சை மாவட்டத்துப் பகுதிகள் சிலவும் அதனோடு சேர்க்கப்பட்டதனால்தான், நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கடற்கரை அதற்கு வாய்த்தது. வீடுகளைப் பற்றி எழுதப் புகுந்தவன் ஆட்சி எல்லைகளைப் பேசுவானேன் என்று கேட்கலாம். கடலையும் பனையையும் கிளிஞ்சலையும் நம்பி வீடு கட்டிய கரையோர மக்களின் பழக்கமும், செம்மண்ணையும் ஓட்டையும் தேக்கையும் கொண்டு வீடு கட்டிய மேற்கு நாட்டு மக்களின் பழக்கமும் கைகோத்துக் கொள்ளும் இடம் இது. ஆகையால், மனிதன் வசிக்கும் கட்டடம் அவன் தேகத்தையும் உறக்கத்தையும் உழைப்பையும் எவ்வாறு ஆளுகிறது என்பதை வரலாற்றில் வைத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு இப்பிரதேசம் மிகவும் தகுந்தது.

மீமிசல் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழப் பத்துப் பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து இரண்டொரு நாளில் ஒருமுறையும் ஆவணி இரண்டாம் வாரத்தில் மறுமுறையும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கும். நட்டுவைத்த கம்பத்துக்கு நிழல் விழாத நாட்கள் அவை. அவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதத்துக்கு மேற்பட்ட காலம் நண்பகல் சூரியன் வடபுறமாகச் சாய்ந்தே செல்வதால், வடக்குச் சுவரும் வெயிலுக்குத் தப்புவதில்லை. ஆகவே இங்கே வீட்டுக்குப் பெரும்பகை பக்கவாட்டில் வரும் வெயில் அன்று, கூரைமேல் விழும் வெயிலே. கூரை எதனால் ஆனது, அதன் இறவாரம் எவ்வளவு தூரம் நீண்டு இறங்குகிறது என்ற இரண்டு விஷயங்களே அதனடியில் வாழ்பவர்களின் சுகத்தைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன.

வெயிலுக்கு அடுத்தபடி காற்று. தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கத்தியதைக் கொண்டல் என்றும், மேற்கத்தியதைக் கோடை என்றும் திசைக்கொரு பெயரிட்டு அழைத்த மக்களுக்கு, கடலோரத்தில் பகல் ஏறித் தரை சூடானபின் கடலிலிருந்து கரைக்கும், இரவு முதிர்ந்தபின் கரையிலிருந்து கடலுக்கும் காற்று திரும்புகிறது என்பதை யாரும் புத்தகம் வைத்துக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. வலையும் பாயும் அதைக் கற்பித்தன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும் மழையோ இறவாரத்தை இன்னும் தாழ்த்தி இறக்கச் சொன்னது. இவ்வாறு வெயிலும் காற்றும் மழையும் சேர்ந்து எழுதிக்கொடுத்த சட்டத்தின்படியே இக்கரையின் பழைய வீடுகள் அமைந்தன.

மீமிசலுக்கு வடமேற்கே ஆவுடையார்கோயிலில், மாணிக்கவாசகர் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்த ஆத்மநாதர் ஆலயத்தில், மரச்சட்டங்களையும் வரிச்சுகளையும் குமிழாணிகளையும் கல்லிலேயே செதுக்கிக் காட்டிய, கொடுங்கைகள் எனப்படும் கல் இறவாரங்கள் இருக்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. பிற்காலத்துச் சிற்பிகள் வேலைக்கு உடன்படிக்கை எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற வேலை நீங்கலாக மற்றவற்றைச் செய்து தருவோம் என்று எழுதிக்கொடுப்பார்கள் என்று ஒரு வழக்கும் உண்டு. கலை விமரிசகர்கள் அவ்வேலையின் நுட்பத்தைக் கண்டு வியக்கிறார்கள், வியப்பது நியாயமே. ஆயினும், ஒரு தேசத்தின் தலைசிறந்த தச்சன் தன் முழுத் திறமையையும் கோபுரத்தில் செலவிடாமல் இறவாரத்தில் செலவிட்டான் என்றால், அந்தத் தேசத்தில் கட்டடத்தின் எந்த அங்கம் மதிக்கப்பட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறு வேண்டுமோ?

இனி வீடுகளுக்கு வருவோம். இக்கரையில் மிகப் பெரும்பாலோர் வாழ்ந்தது குடிசையில்தான். பனங்கைகளை நிறுத்தி, வரிச்சு கட்டி, பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்து, மண்சுவர் எழுப்பிச் சாணமிட்டு மெழுகிய அந்த வீட்டுக்கு வெப்பத்தைத் தேக்கி வைக்கும் சக்தி கிடையாது. ஓலையின் அடுக்குகளுக்கிடையே நிற்கும் காற்றே வெயிலைத் தடுத்துவிடும். சூரியன் சாய்ந்த சிறிது நேரத்துக்குள் உள்ளும் வெளியும் ஒன்றாகக் குளிர்ந்துவிடும். இதைச் சொல்லிக் குடிசையைக் கவிதையாக்குபவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் குடிசையில் வசிப்பவர் அல்லர். குனிந்து நுழைய வேண்டிய ஒற்றை வாசல், ஜன்னல் என்ற பெயருக்கும் இடமில்லாத சுவர், அடுப்புப் புகை போக வழியின்றி ஓலையைக் கறுக்கவைத்துப் பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் அரித்த கொடுமை, ஓரிரு ஆண்டுக்கொருமுறை கூரை மாற்றும் செலவு, ஒரு பொறி விழுந்தால் தெருவே சாம்பலாகும் பயம், ஓலைக்குள் குடியிருக்கும் தேளும் பூரானும் ஆகிய இவையெல்லாம் அதே குடிசையின் இலட்சணங்கள். குளிர்ச்சி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை மறப்பது நேர்மையன்று.

வசதி படைத்தவர்களின் வீடு வேறு வகை. கடல் வாணிபம் செய்த முஸ்லிம் குடும்பங்களும் உள்நாட்டு வேளாளரும் வணிகரும் கட்டிக்கொண்ட வீடுகளில், தெருவை நோக்கிய திண்ணை, அதைக் கடந்தால் நடை, நடையைக் கடந்தால் வானம் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அதையொட்டிக் கூடமும் அறைகளும், பின்னே அடுப்படி, அதற்கும் பின்னே கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் வாசல்கள் அமைந்திருக்கும். தெருவில் நிற்பவன் கண்ணுக்குக் கொல்லைக் கிணறு தெரியும். இதன் உச்ச வடிவத்தைக் காண விரும்புவோர் மேற்கே காரைக்குடிப் பக்கம் போகவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முடிய, பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு நகரத்தார் கட்டிய முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டும் கொண்ட மாளிகைகளின் ஊர்த்தொகுதி, 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் இத்தாலியப் பளிங்கையும் பார்த்துவிட்டு வருபவர்கள் அவ்வீடுகளின் உண்மையான செல்வம் எது என்பதைப் பல சமயம் கவனிப்பதில்லை. இரவின் குளிர்ந்த காற்று கனமானதாகையால் முற்றத்தில் இறங்கித் தாழ்வாரத்திலும் அறைகளிலும் பரவி நிற்கிறது. பகல் ஏற ஏற முற்றத்தின் வெப்பக்காற்று மேலே கிளம்ப, அதன் இடத்தை நிரப்பத் திண்ணைப்புறத்திலிருந்தும் கொல்லைப்புறத்திலிருந்தும் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. நாலாபுறத்து ஓட்டுக்கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிவதால், மழைநீர் அண்டாக்களிலும் கிணற்றிலும் சேர்கிறது. எந்த எந்திரமும் இன்றி இத்தனையும் நடந்தன.

ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. காற்றும் வெளிச்சமும் நிறைந்த திண்ணையும் முகப்பும் ஆண்களுக்கும் விருந்தினருக்கும் உரியனவாக, பெண்களின் நாளெல்லாம் கழிந்த அடுப்படியோ வீட்டிலேயே மிகவும் இருண்ட, புகை சூழ்ந்த மூலையாக இருந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பவர் புகையில்லா அடுப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, அது 1953ஆம் ஆண்டு சென்னையில் அச்சாகி வெளிவந்தது. பிற்காலத்தில் சென்னையின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்படிகளின் புகையை அளந்து அதன் கேட்டைத் திட்டமாக நிறுவினர். மாளிகையோ குடிசையோ, நம் முன்னோர் புகையின் விஷயத்தில் பெண்களின் தேகநலத்தைச் சிந்திக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். ஓரிடத்தில் அத்தனை நுட்பமாக வேலை செய்த அறிவு பத்தடி தள்ளி உறங்கிவிட்டது.

அந்த அறிவு எங்கே இருந்தது என்று தேடினால், சாஸ்திர நூல்களில் இருந்தது என்று பலர் சொல்வார்கள். மனையடி சாஸ்திரம் என்ற பெயரில் கடைகளில் இன்றும் விற்கும் சிறு நூலை எடுத்துப் பாருங்கள்: அறையின் நீளம் இத்தனை அடியானால் செல்வம், இத்தனை அடியானால் நோய், இத்தனை அடியானால் புத்திர நாசம் என்று அடிக்கணக்குக்கு ஒரு பலன் எழுதியிருக்கும். வசிக்கும் இடம் வசிப்பவனின் வாழ்வை ஆட்டுவிக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே எவ்வளவு பழையது என்பதற்கு அது சான்றேயொழிய, அந்த ஆட்டுவிப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு விளக்கமன்று. விளக்கம் தெரிந்தவன் கொத்தனார். சாந்தில் எத்தனை பங்கு மணல், இறவாரம் எத்தனை முழம், எந்தச் சுவரில் ஜன்னலை உயர்த்துவது, எந்தச் சுவரில் தாழ்த்துவது என்பதெல்லாம் அவன் கையில் இருந்தன, எழுதிவைக்கப்படவில்லை. கை ஓய்ந்தபோது அறிவும் ஓய்ந்தது. இந்தக் கரையின் கட்டட வரலாற்றில் நேர்ந்த பெருநஷ்டம் அதுதான். அது நேர்ந்த விதத்தைச் சுண்ணாம்பின் கதை சொல்லும்.

கடற்கரை மக்களுக்குச் சுண்ணாம்பு மலையிலிருந்து வரவேண்டியதில்லை. அலை கொண்டுவந்து ஒதுக்கும் கிளிஞ்சலே அவர்களுடைய சுரங்கம். கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகக் காளவாயில் இட்டுச் சுட்டு, சுட்டதை நீர் தெளித்து நீற்ற, அது புகைந்து சீறி மாவாக உதிரும். அந்த மாவைக் குழியில் நீரோடு பல நாள் ஊறவைத்து, மணல் சேர்த்து, வட்டமான பள்ளத்தில் கற்சக்கரத்தை மாடு சுற்றியிழுக்கும் செக்கில் வெண்ணெய்போல் அரைத்தெடுப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி அல்லது வெல்லக் கரைசலும் அதில் சேரும். கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் நாள்முழுதும் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கலாம் என்னுமளவுக்குப் பளபளப்பேற்றும் செட்டிநாட்டுப் பூச்சு உலகப் பிரசித்தம். மெத்தை வீட்டுக்குத் தளம் போடும்போது, தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் தாளம் தவறாமல் பல நாள் அடிப்பார்கள்; நீர் ஒன்றும் கீழிறங்காதபடி தளம் இறுகிய பின்னரே தட்டோடு பதிப்பார்கள்.

சுண்ணாம்பு இறுகுவது நீர் வற்றுவதனால் மட்டுமன்று. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு அது மீண்டும் கல்லாகிறது. அவ்வாறு இறுகிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் எஞ்சி நிற்பதால், மழைக்காலத்தில் அறைக்காற்றின் ஈரத்தை அது வாங்கிக்கொண்டு வெயில்காலத்தில் திருப்பிக் கொடுக்கிறது. அதன் காரகுணம் பூஞ்சணத்தை அண்டவிடுவதில்லை. கடலோரத்தில் வாழ்ந்து, புழுக்கத்தோடும் உப்புக்காற்றோடும் நாளெல்லாம் உறவாடுகிறவர்களின் மூச்சுக்கு இது எத்தனை பெரிய உபகாரம் என்பதை நெஞ்சிரைப்பு நோயுள்ளவர்கள் எளிதில் உணர்வார்கள்.

செட்டிநாட்டு மாளிகைகள் எழுந்துகொண்டிருந்த காலத்தில் ஐரோப்பாவிலும் வீட்டுக்கும் உடம்புக்கும் உள்ள சம்பந்தம் ஆராயப்பட்டு வந்தது. ஜெர்மானிய விஞ்ஞானி பெட்டன்கோஃபர் 1858ஆம் ஆண்டு, அறைக்காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்று ஒரு வரம்பு கட்டினார். இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்தறியாத ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், இந்நாட்டு ராணுவக் குடியிருப்புகளின் சுகாதாரத்தை ஆராய்ந்த 1863ஆம் ஆண்டு ராயல் கமிஷனுக்காகப் பட்டாளத்து முகாம்கள்தோறும் இருந்து அறிக்கைகளை வரவழைத்துப் படித்து, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மடிவது போரினாலன்று, நெரிசலான பாசறையினாலும் கெட்ட நீரினாலும் சாக்கடையின்மையினாலுமே என்று வாதாடினார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1878 முதல் 1894 வரை திவானாயிருந்த சேஷய்ய சாஸ்திரியார் தலைநகரின் குளங்களையும் தெருக்களையும் சீர்திருத்தியதும் இந்தச் சுகாதார உணர்ச்சியின் ஒரு கிளையே. கடற்கரைக் கிராமங்கள்வரை அந்த உணர்ச்சி வந்து சேர வெகுநாள் ஆயிற்று.

காற்றையும் வெளிச்சத்தையும் புகழும் ஆர்வத்தில் வரம்பு மீறுவதும் தவறு என்பதற்கு நம் மாகாணத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் காசநோய் விடுதி நடத்தியவரும், கணிதமேதை ராமானுஜனுக்கு அங்கே வைத்தியம் செய்தவருமான டாக்டர் சௌரி முத்து, 1928ஆம் ஆண்டு தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். திறந்த தாழ்வாரமும் மரநிழலும் தூய காற்றுமே அக்காலத்தில் காசத்துக்கு மருந்து. பின்னர் 1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தார் 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவாரைச் சானடோரியத்திலும் மறுபிரிவாரை நகரத்தின் நெரிசலான ஏழை வீடுகளிலேயும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். 1959இல் வெளியான முடிவு உலகத்தையே திடுக்கிடச் செய்தது: இரு பிரிவாரும் ஏறக்குறைய ஒரேவிதமாகக் குணமடைந்திருந்தனர். மருந்து வேலை செய்யும் இடத்தில் நல்ல தாழ்வாரம் அத்தியாவசியம் அன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். வீடு வைத்தியன் அன்று. நோயில்லாதவன் நன்றாக உறங்கவும் கருத்தூன்றிப் படிக்கவும் களைப்பின்றி உழைக்கவும் துணை செய்வதே அதன் கடமை. அதை அது செய்யத் தவறினால் எந்த மாத்திரையும் அதற்கு ஈடு ஆகாது.

கிளிஞ்சலின் கதையில் விந்தையான ஒரு திருப்பம் இருக்கிறது. இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904ஆம் ஆண்டு சென்னையில்தான் நடந்தது; அதற்கு மூலப்பொருளாக எடுத்துக்கொண்டதும் கடற்சிப்பியே. அம்முயற்சி பலிக்கவில்லை, 1914ஆம் ஆண்டு போர்பந்தரில்தான் அத்தொழில் வேரூன்றியது. பின்னர் 1939இல் திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியிலும், 1949இல் நெல்லை மாவட்டத்துத் தாழையூத்திலும் ஆலைகள் எழுந்தன. ஆயினும் சிமெண்டுக்கு அரசாங்கத்தின் கட்டுப்பாடும் பெர்மிட்டும் இருந்த காலம்வரை, கிராமத்தான் ஒரு மூட்டை வாங்கத் தாலூகா ஆபீஸ் வாசலில் நிற்கவேண்டியிருந்தது. 1982இல் கட்டுப்பாடு பகுதி தளர்ந்து, 1989இல் முற்றிலும் நீங்கவே, காளவாய்கள் ஒவ்வொன்றாக அவிந்தன. அதே ஆண்டுகளில் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் இக்கரைக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. பல நாள் சுண்ணாம்பை ஊறவைக்கவும் பல நாள் தளம் அடிக்கவும் காத்திருக்க, விடுமுறையில் வந்து வீடு கட்டிவிட்டுத் திரும்புகிறவருக்கு நேரம் ஏது? காங்கிரீட் தளம் ஒரே நாளில் போட்டு முடிகிறது.

ஏழைகளுக்கோ அது வேகத்தின் விஷயமன்று, உயிரின் விஷயம். 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீற்றுக்கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டபின், ஓலைக்கூரை குளிர்ச்சியானது என்று எவரும் வாய்திறக்க முடியவில்லை; பள்ளிகளில் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தருகே கரைகடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் மரங்களை வேரோடு சாய்த்துக் கூரைகளைப் பிய்த்தெறிந்த இரவில், தளம் போட்ட வீட்டின் மதிப்பு என்ன என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்துகொண்டது. 2010ஆம் ஆண்டின் கலைஞர் வீட்டுவசதித் திட்டம், 2011ஆம் ஆண்டின் 300 சதுர அடிப் பசுமை வீடுகள் திட்டம், 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் என்று அரசாங்கங்கள் மாறினும் குடிசையைக் காங்கிரீட்டாக்கும் கொள்கை மாறாததற்கு இதுவே காரணம். காங்கிரீட் வீடு கேட்கும் மீனவரின் ஆசையை, பங்களாவில் அமர்ந்து பரிகசிப்பவர்களிடம் எனக்கு மரியாதை கிடையாது.

ஆயினும் அந்த வீட்டுக்குள் சித்திரை மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு நுழைந்து பார்க்கவேண்டும். நான்கைந்து அங்குலக் கனமுள்ள தளம் காலைமுதல் வெயிலைக் குடித்து, மாலையிலிருந்து நடுநிசிவரை அதைக் கீழ்நோக்கிக் கக்குகிறது. தலைக்கு மேல் சுழலும் விசிறி அந்த வெந்த காற்றையே முகத்தில் தள்ளுகிறது. இறவாரம் என்ற பெயரில் ஜன்னல்மேல் ஒரு முழம் சன்ஷேடு. ஒரு சுவரில் ஜன்னல் இருந்தால் எதிர்ச்சுவரில் இராது, இருந்தாலும் கொசுவுக்கு அஞ்சி மூடியிருக்கும். பகலில் கிழவர்கள் வேப்பமரத்தடிக் கட்டிலில் இருக்கிறார்கள். இரவில் குடும்பமே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ வந்துவிடுகிறது. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இந்த வெப்பத்தில் படித்தது எவ்வளவு மனத்தில் நிற்கும்? அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் பள்ளியாண்டின் வெப்பநிலை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்ந்தால் அவ்வாண்டின் கல்வியில் நூற்றில் ஒரு பங்கு நஷ்டமாகிறது என்று கணக்கிட்டது. இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்த ஈ. சோமநாதன் முதலியோர், ஒரு செண்டிகிரேட் பாகை வெப்பம் கூடிய ஆண்டில் உற்பத்தி நூற்றுக்கு இரண்டு வீதம் குறைவதை 2021இல் எடுத்துக்காட்டினர்.

பணமுள்ளவர்கள் ஏசி பொருத்திக் கதவுகளை இறுக மூடிவிடுகிறார்கள். வெப்பம் தீருகிறது, பெட்டன்கோஃபர் கவலைப்பட்ட அந்தப் பழைய வாயு உள்ளேயே தங்குகிறது. அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரில் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 24 பேரை ஆறு நாட்கள் வெவ்வேறு காற்றோட்டத்தில் வேலை செய்யவைத்துப் பார்த்தபோது, காற்றோட்டம் மிகுந்த நாட்களில் அவர்களுடைய சிந்தனைத் திறனுக்கான மதிப்பெண், வழக்கமான அலுவலகக் காற்றில் பெற்றதைப்போல் இரட்டிப்பாயிற்று. 24 பேர் என்பது சொற்பத் தொகை. அந்த இரட்டிப்பை நான் அப்படியே நம்பமாட்டேன். ஆயினும் மூடிய அறையில் மூளை மந்தமாகிறது என்ற அநுபவத்தை மறுப்பாரும் இலர்.

பிள்ளைகள் மூடாத இடத்தில் அமர்ந்து படித்த காலமும் உண்டு. மன்றோ சென்னைக் கவர்னராயிருந்த காலத்தில், 1826ஆம் ஆண்டுக் குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன. அவற்றில் மிகப் பல திண்ணைப் பள்ளிகளே: மேலே இறவாரத்து நிழல், மூன்று பக்கமும் காற்று, கீழே மணல், அதில் விரலால் எழுதும் சிறுவர்கள். அங்கே கற்பித்த முறையின் குறைகள் பல. மனப்பாடமும் பிரம்படியும் எல்லாருக்கும் இடமில்லாத சாதிக் கட்டுப்பாடும் போற்றத்தக்கன அல்ல. ஆனால் அமரும் இடத்தைப் பொறுத்தவரை அப்பிள்ளைகள் இன்றைய தகரக்கொட்டகை டியூஷன் பிள்ளைகளைவிடப் பாக்கியசாலிகள் என்றே சொல்வேன்.

கடலோரத்துக் காங்கிரீட்டுக்கு இன்னொரு பகையும் உண்டு. உப்புக்காற்றும், கலவையில் சேரும் உவர்நீரும் கடல்மணலும் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு பருத்துத் தளத்தைப் பிளக்கிறது. சில ஆண்டுகளிலேயே தொட்டில் கட்டிய கொக்கியைச் சுற்றிச் சாந்து பெயர்ந்து விழுவதையும், கீழே படுத்திருப்பவர்கள் பாயை மறுபக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வதையும் கரையோர ஊர்களில் சாதாரணமாகக் காணலாம். செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவர்கள் நூறாண்டு கடந்தும் நிற்கின்றன.

பழைய வீட்டுக்கு எல்லாரும் திரும்புவது நடவாத காரியம். தேக்கும் இல்லை, நிலமும் இல்லை, அத்தனை கைகளும் இல்லை. ஆனால் கனவு இல்லத் திட்டத்தின் விதிகளிலேயே ஒரு நல்ல வாய்ப்பு பொதிந்திருக்கிறது. மொத்தம் 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குத்தான் காங்கிரீட் தளம் என்று விதி; மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளியே தேர்ந்துகொள்ளலாம். மீமிசல் கரையில் வீடு கட்டும் குடும்பத்தாருக்கும், அளந்து கொடுக்கும் ஓவர்சியருக்கும், கட்டிக் கொடுக்கும் கொத்தனாருக்கும் என் விண்ணப்பம் இது: அந்த 60 சதுர அடியைச் சமையற்கட்டின் தகரச் சாய்ப்பாக்கி வீணாக்காதீர்கள். கடலை நோக்கிய பக்கத்தில் நாட்டு ஓடு வேய்ந்து, இறவாரத்தைத் தாழ இறக்கி, அதைத் திண்ணையாக்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் பங்குனி முடிவதற்குள் தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு முறை பூசுங்கள். ஒரு ஜன்னலுக்கு எதிரே மற்றொரு ஜன்னலை வைத்து இரண்டுக்கும் கொசுவலை அடியுங்கள். இதற்குப் புதிய அரசாணை எதுவும் வேண்டியதில்லை. இருக்கிற விதியிலேயே இடமிருக்கிறது.